நூத்திப் பத்துக்குப் போடுங்க!

சென்னையோ செங்கோட்டையோ, எந்தப் பெட்ரோல் பங்க்கிலும் கொஞ்ச நேரம் நின்றால் இந்தக் குரல் காதில் விழும்: "நூத்திப் பத்துக்குப் போடும்மா." இருநூற்றுப் பத்து, ஐந்நூற்று இருபது என்று கேட்பவர்களும் உண்டு. நூறு, இருநூறு என்று முழுத் தொகை சொன்னால் மெஷினில் அளவைக் குறைத்து வைத்திருப்பார்கள், உதிரித் தொகை கேட்டால் ஏமாற்ற முடியாது என்பது நம்பிக்கை.

பெட்ரோல் போடும் பெண் சொல்கிறார்: "ஸீரோ பாத்துக்குங்கண்ணா." அண்ணன் தலையை ஆட்டுகிறார். கண் செல்போனில் இருக்கிறது, ஜிபேயில் தொகையைத் தட்டிக்கொண்டிருக்கிறார். ஏமாறக் கூடாதென்று பத்து ரூபாய் கூட்டிக் கேட்டவர், முதலில் பார்க்க வேண்டிய இடத்தைப் பார்க்கவே இல்லை. பங்க் வழக்கங்களில் எனக்குப் பிடிபடாதது இதுதான்.

மெஷினுக்குள் இருக்கும் மீட்டர் அளப்பது லிட்டரை. ஓடிய பெட்ரோலைக் கணக்கிட்டு, அன்றைய விலையால் பெருக்கித் திரையில் ரூபாயாகக் காட்டுகிறது. அளவில் கை வைத்திருந்தால் நூறுக்கும் குறையும், நூற்றுப் பத்துக்கும் குறையும். 2017 ஏப்ரலில் லக்னோ பங்க்குகளில் போலீஸ் சோதனை நடந்தபோது, அளவைக் குறைக்க மெஷினுக்குள் பொருத்தியிருந்த மின்னணு சிப்புகள் சிக்கின. அப்படிப்பட்ட சிப்பின் முன்னால் எந்தத் தொகையைச் சொன்னாலும் ஒன்றுதான். சில்லறை ஏமாற்று வேறு மாதிரி நடக்கும். ஐந்நூறு கேட்டவருக்கு இருநூறில் நிறுத்தி, "இருநூறுன்னு காதுல விழுந்துச்சு" என்று பேச்சுக் கொடுத்து, ஸீரோவுக்குக் கொண்டுவராமலே தொடர்ந்து முந்நூறில் முடித்துவிடுவார்கள். கண்ணைத் திரையில் வைத்திருப்பவரிடம் இது நடக்காது.

சந்தேகம் தீர நேர்வழியே இருக்கிறது. முத்திரையிட்ட 5 லிட்டர் அளவுக் கலன் ஒவ்வொரு பங்க்கிலும் இருக்க வேண்டும். அளந்து காட்டச் சொல்ல நமக்கு உரிமை உண்டு. 5 லிட்டருக்கு 25 மில்லிக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. கலப்படம் என்று தோன்றினால் ஃபில்டர் பேப்பர் கேட்கலாம். நாஸில் முனையைத் துடைத்துவிட்டு ஒரு சொட்டு விட்டால், இரண்டே நிமிடத்தில் கறை இல்லாமல் ஆவியாகிவிட வேண்டும். இதற்கெல்லாம் காசு கிடையாது. ஆனால் யாரும் கேட்பதில்லை. பின்னால் ஹாரன் அடிக்கிறார்கள், சண்டைக்காரர் என்று நினைத்துவிடுவார்களோ என்று கூச்சம். இந்தக் கூச்சம்தான் என்னை வருத்துகிறது. உரிமையைக் கேட்கத் தயங்கிவிட்டு, பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன தந்திரத்தில் மனதைத் தேற்றிக்கொள்கிறோம்.

ஹோஸைத் தூக்கி மிச்சத்தையும் வடிக்கச் சொல்வதும் அப்படித்தான். ஹோஸ் எப்போதும் நிறைந்தே இருக்கும். நமக்கு முன்னால் வந்தவர் விட்டுப்போன அளவை நாமும் விட்டுப்போகிறோம். போட்டு முடித்ததும் பைக்கை ஆட்டுவதால் ஒரு சொட்டுகூடக் கூடாது. அதிகாலையில் போட்டால் பெட்ரோல் அடர்த்தியாகக் கிடைக்கும் என்பார்கள். பத்து டிகிரி சூட்டுக்குப் பெட்ரோல் விரிவது சுமார் ஒரு சதவீதம். நிலத்தடித் தொட்டியில் காலைக்கும் மதியத்துக்கும் அவ்வளவு வித்தியாசம் வருவதே இல்லை.

பங்க்கில் காட்டும் இந்த உஷாரில் பாதியை வண்டியிடம் காட்டலாம். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 கட்டாயமான பிறகு வந்த பைக்குகளில் பெரும்பாலும் கார்புரேட்டர் இல்லை. பம்ப், டேங்க்குக்குள் பெட்ரோலில் மூழ்கி நிற்கிறது. அதன் சூட்டைத் தணிப்பதும் அந்தப் பெட்ரோல்தான். எந்நேரமும் ரிசர்விலேயே ஓட்டினால் பம்ப்பின் ஆயுள் குறையும். கார்களிலும் இதே கதைதான். அன்றாட வருமானத்தில் ஓடுகிறவர் நூறு ரூபாய்க்குப் போடுவதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது, அன்றைக்குக் கையில் அவ்வளவுதான். ஆனால் மாதச் சம்பளக்காரர்களும் ரிசர்வ் விளக்கு எரிந்த பிறகே பங்க்கைத் தேடுகிறார்கள். இன்னொரு பக்கம், நாஸில் தானாக நின்ற பிறகும் "இன்னும் கொஞ்சம்" என்று கழுத்து வரை நிரப்பச் சொல்பவர்கள். ஆவியைப் பிடித்துவைக்கும் கரித்தூள் டப்பாவுக்குள் பெட்ரோல் போய்விட்டால் அது கெட்டுவிடும்.

ஆள் குறைவாக நிற்கும் இடம், இலவசமாகக் காற்றுப் பிடிக்கும் மூலை. காற்று குறைந்த டயர் கூடுதலாகப் பெட்ரோல் குடிக்கும், ஓரம் தேயும், நெடுஞ்சாலையில் சூடேறி வெடிக்கவும் கூடும். எவ்வளவு பிடிக்க வேண்டும் என்று கார்க்காரர்கள் காற்றுப் பிடிப்பவரிடமே கேட்கிறார்கள். பெரும்பாலான கார்களில் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் சட்டத்தில் ஒட்டியிருக்கிறது: முன் டயருக்கு இவ்வளவு, பின் டயருக்கு இவ்வளவு, ஆள் நிறைய ஏறினால் இவ்வளவு. ஓடிச் சூடான டயர் அளவைக் கூட்டிக் காட்டும். அதனால் அதிகாலைக் கணக்கு காற்றுக்குத்தான் பொருந்தும்: வெயில் ஏறுமுன் வீட்டுக்குப் பக்கத்து பங்க்கில் பிடித்துக்கொள்ளுங்கள். ஸ்டெப்னிக்கும் சேர்த்துச் சொல்லுங்கள். பஞ்சரான ராத்திரியில்தான் அதிலும் காற்றில்லை என்று பலருக்குத் தெரியவருகிறது.