உட்செவிப் புரதங்களும் விசைத்தறி இரைச்சலும்

உட்செவியின் குருதிக்குழாய்களிலும் திசுக்களிலும் அமைந்து, ஒலியை நரம்புச் செய்தியாக மாற்ற உதவும் புரதங்கள் உட்செவிப் புரதங்கள் எனப்படுகின்றன. இவற்றுள் சில பிறவியிலேயே பழுதுபடுகின்றன. சில, நாள்தோறும் கேட்கும் பேரிரைச்சலால் சிதைகின்றன. திருப்பூரைச் சுற்றியுள்ள பல்லடம், மங்கலம், அவினாசி, சோமனூர் வட்டாரங்களில் காடா துணி நெய்யும் விசைத்தறிக் கூடங்களில் பணிபுரிவோருக்கு இந்த இரண்டாவது வகைப் பாதிப்பே அன்றாடச் சிக்கலாகும்.

குருதி வரும் வழி

கேட்டலுக்குரிய உறுப்பான நத்தைச்சுருள், பொட்டெலும்புக்குள் இரண்டரைச் சுற்றுகளாகச் சுருண்டு கிடக்கிறது. நீட்டினால் ஏறத்தாழ 35 மில்லிமீட்டர் இருக்கும். இதற்குக் குருதி கொண்டுவருவது ஒரே ஒரு மெல்லிய தமனிதான். அது அடைபட்டால் ஈடுசெய்ய வேறு கிளை இல்லை. ஒலியை உணரும் மயிரணுக்களுக்கு அருகில் குருதிக்குழாய்கள் மிகக் குறைவு. குழாய்கள் நெருங்கி இருந்தால் நாடித்துடிப்பே இரைச்சலாகக் கேட்கும் என்பது இதற்குக் கூறப்படும் காரணம்.

ஆகவே மயிரணுக்களுக்கு வேண்டிய ஆற்றல் சற்று எட்டத்திலிருந்து வருகிறது. நத்தைச்சுருளின் பக்கச் சுவரில் நுண்குழாய்கள் அடர்ந்த ஒரு பட்டை உள்ளது. இதன் பெயர் ஸ்ட்ரியா வாஸ்குலாரிஸ். பொதுவாக மேற்படலத் திசுக்களுக்குள் குருதிக்குழாய் இருப்பதில்லை. இப்பட்டை அந்த வழக்கத்துக்கு விலக்கு. உட்செவி நீரில் பொட்டாசியத்தை நிரப்பி, ஏறத்தாழ 80 மில்லிவோல்ட் மின்னழுத்தத்தை இது தக்கவைக்கிறது. ஜார்ஜ் வான் பெகெசி 1952இல் இம்மின்னழுத்தத்தை அளந்து வெளியிட்டார். கேட்டல் குறித்த ஆய்வுகளுக்காக 1961இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இதை ஒரு மின்கலம் என்று எண்ணலாம். மின்கலம் இறங்கினால், மயிரணுக்கள் நலமாக இருந்தாலும் காது மந்தமாகும்.

மின்கலத்தின் உறுப்புகள்

பட்டையின் அணுக்களில் உள்ள கிர் 4.1 என்னும் பொட்டாசிய வாய்க்கால் இம்மின்னழுத்தத்தை உருவாக்குவதில் முதன்மையானது. பட்டையின் அடியணுக்களைத் தைத்து ஒட்டுவது கிளாடின் 11. இப்புரதம் இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளில் மின்னழுத்தம் வீழ்ந்து செவிட்டுத்தன்மை உண்டானது. பொட்டாசியத்தை நீருக்குள் விடும் கேசிஎன்கியூ1 என்னும் வாய்க்கால் இதயத்திலும் உண்டு. அதன் மரபணு இரு பிரதிகளிலும் பழுதானால், பிறவிச் செவிடும் ஆபத்தான இதயத்துடிப்புக் கோளாறும் சேர்ந்தே வரும். 1957இல் ஜெர்வெல், லாங்கே-நீல்சன் ஆகியோர் விவரித்த நோய் இதுவே. பிறவியிலேயே காது கேளாத குழந்தைக்கு இ.சி.ஜி. எடுத்துப் பார்ப்பது இதனால்தான் பயனுள்ளது.

பயன்படுத்திய பொட்டாசியத்தை மீண்டும் பட்டைக்குக் கொண்டுசேர்ப்பதில் கனெக்சின் 26 பங்கேற்கிறது. 226 அமினோ அமிலங்கள் கொண்ட இப்புரதம், இந்தியாவில் காணப்படும் டபிள்யூ24எக்ஸ் என்னும் மரபணு மாற்றத்தால் 24ஆம் இடத்திலேயே அறுந்துபோகிறது. ஐரோப்பியரிடையே மிகுதியாகக் காணப்படுவது வேறொரு மாற்றம். பெற்றோர் இருவரும் இதைச் சுமந்தால், அவர்களுக்குக் கேட்டலில் குறை ஏதும் இராது. ஆனால் ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் செவிடு வரும். மாமன் மகளையும் அக்காள் மகளையும் மணக்கும் வழக்கமுள்ள பகுதிகளில் இக்கணக்குக்குத் தனி முக்கியத்துவம் உண்டு.

தறி தாக்கும் இடம்

நாடா ஓடும் தறியில் மரக்கை நாடாவை நிமிடத்துக்கு நூறு தடவைக்கு மேல் அடித்துத் தள்ளுகிறது. தகரக்கூரையின் கீழ் இத்தகைய தறிகள் பல வரிசையாக ஓடும்போது ஒலி 90 டெசிபெல்லைக் கடக்கிறது. பனியன் கம்பெனிகளின் ஓவர்லாக், பேட்லாக் இயந்திரங்கள் இதை நோக்கச் சாதுவானவை.

உட்செவிக் குழாய்ச் சுவரின் அணுக்களை இறுக்கிப் பிணைப்பவை ஆக்லூடின், இசட்ஓ-1 போன்ற புரதங்கள். இவற்றால் அமைந்த தடுப்பு, குருதியில் உள்ளவை எல்லாம் உள்ளே கசியாமல் காக்கிறது. விலங்குகளுக்குப் பேரிரைச்சல் கேட்கச் செய்த ஆய்வுகளில் இப்பிணைப்புப் புரதங்கள் குறைந்தன, குழாயைத் தழுவி நின்ற காவலணுக்கள் விலகின, குருதிப் புரதங்கள் வெளியே கசிந்தன. இவற்றோடு மயிரணுக்களும் நேரடியாகச் சேதமடைகின்றன. வெளி மயிரணுக்களைச் சுருங்கி நீளச் செய்து ஒலியைப் பெருக்கும் பிரெஸ்டின் புரதம் 2000இல் கண்டறியப்பட்டது. அவ்வணு செத்தால் அப்பெருக்கமும் போகும். பறவைகளில் மயிரணுக்கள் மீண்டும் முளைக்கின்றன. மனிதர்களில் முளைப்பதில்லை.

முதலில் பாதிக்கப்படுவது 4000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலிகள். எனவே தொழிலாளிக்குக் குரல் கேட்கும், சொல் பிடிபடாது. ‘ச’ போன்ற உரசொலிகள் மறைந்துவிடும். வீட்டில் தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டுவதைப் பிறர் கவனிக்கும் வரை அவருக்கே தெரியாமல் போகலாம்.

இந்திய விதிகள் எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபெல்லையும், 95 டெசிபெல்லானால் நான்கு மணி நேரத்தையும் எல்லையாக வைத்தன. பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் ஓடும் கூடத்தில் இக்கணக்கு எங்கே நிற்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இரைச்சலால் வரும் செவிட்டை 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் அறிவிக்கப்பட வேண்டிய நோயாகப் பட்டியலிட்டது. ஆனால் மின்விசையுடன் பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களையே அது முதன்மையாகக் குறிவைத்தது. வீட்டை ஒட்டிய கொட்டகையில் நான்கு தறி ஓட்டுபவர் அதற்கு வெளியே நின்றார்.

கழிவுப் பஞ்சைக் காதில் திணித்துக்கொள்வது அதிகம் உதவாது. நுரைச் செவியடைப்பானை உருட்டி ஆழமாகச் செருகினால் ஒலி கணிசமாகக் குறையும். நாடா இல்லாத் தறிக்கு மாறுவது மேலும் நல்லது, விலைதான் தடை. கேட்டல் சோதனைக்கு, வேலை முடிந்த மாலையில் செல்வது பொருந்தாது. ஷிப்ட் முடிந்த சில மணி நேரம் காது தற்காலிகமாக மந்தமாக இருக்கும். குறைந்தது 14 மணி நேரமாவது இரைச்சலிலிருந்து விலகியிருந்து, விடுமுறைக்கு அடுத்த நாள் காலையில் தறி ஓட்டுவதற்கு முன்பே சோதிப்பது சரியான அளவைத் தரும்.