தெய்வத் திருமேனிகளுக்கேற்ற காட்சிப் பேழைகள்

வழிபாட்டிலுள்ள உலோகத் திருமேனிகள் நாள்தோறும் அர்ச்சகரின் பார்வையில் இருக்கின்றன. அருங்காட்சியகத்தை அடைந்த திருமேனிக்கு அந்தக் கவனிப்பு கிட்டுவதில்லை. அதை ஈடுசெய்ய வேண்டிய பொறுப்பு காட்சிப் பேழையைச் சார்ந்ததாகும்.

திருப்பதியை அடுத்த சந்திரகிரிக் கோட்டையின் இராஜ மகாலில் இந்தியத் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இயங்குகிறது. திருமலை திருப்பதி தேவஸ்தானமோ, தாள்ளப்பாக்கம் அன்னமாச்சாரியாரின் (1408–1503) கீர்த்தனைகள் பொறிக்கப்பெற்ற செப்பேடுகளைப் பேணி வருகிறது. கோடையில் வெப்பம் 40 டிகிரியைத் தொடும் இப்பகுதியில், வடகிழக்குப் பருவமழையின்போது காற்றில் ஈரம் மிகுகிறது. இந்த ஏற்ற இறக்கமே முதற் பகையாகும்.

செம்பிலும் வெண்கலத்திலும் படிந்துள்ள குளோரைடு உப்பு ஈரத்துடன் சேரும்போது வெளிர்பச்சைத் தூள் தோன்றி உலோகத்தை அரிக்கிறது. இதற்கு 'வெண்கல நோய்' என்று பெயர். சென்னை அரசு அருங்காட்சியகத்தில் 1930இல் அமைந்த வேதியியல் பாதுகாப்பு ஆய்வுக்கூடம் இத்தகைய படிமங்களுக்குச் சிகிச்சை அளித்து வந்துள்ளது. எனினும், சிகிச்சை பெற்ற படிமத்தை ஈரமான பேழையில் வைத்தால் நோய் மீளக்கூடும்.

எனவே, நோயுற்ற உலோகத்துக்கு ஒப்பு ஈரப்பதம் 40 விழுக்காட்டுக்கும் கீழே இருத்தல் வேண்டும். ஓலைச்சுவடிக்கோ 50 விழுக்காட்டையொட்டிய ஈரப்பதம் தேவை. அது குறைந்தால் ஓலை முறியும். இரண்டையும் ஒரே பேழையில் வைப்பது தவறென்பது இதனால் விளங்கும்.

பேழையின் அடித்தளத்தில் தனி அறை அமைத்து, சிலிக்கா ஜெல் நிரப்பலாம். மின்சாரம் தடைப்பட்டாலும் அது பணியாற்றும். படிமத்தைத் தொடாமலே அதனை மாற்றுவதற்குத் தனிக் கதவு இருத்தல் நலம். கண்ணாடியின் இணைப்புகளில் காற்று புகுமாயின் ஜெல்லால் பயனில்லை. ஒட்டுப்பலகை அமில ஆவியை வெளிவிடும். கம்பளித் துணியும் ரப்பரும் வெளிவிடும் கந்தக ஆவி வெள்ளியைக் கறுக்கச் செய்யும். பட்டாடைக்கும் சுவடிக்கும் 50 லக்ஸ் ஒளி போதுமானது. விளக்குகள் பேழைக்கு வெளியே இருத்தல் வேண்டும்.

ஒப்பந்தப்புள்ளி கோரும் அலுவலகங்கள் பேழையின் நீள அகலத்தையும் விலையையும் மட்டும் குறிப்பிட்டால், குறைந்த விலைக்கு அழகிய கண்ணாடிப் பெட்டியே கிடைக்கும். பயன்படுத்தும் பொருள்கள், காற்றுக்கசிவின் வரம்பு, பூட்டு, உடைந்தாலும் சிதறாத அடுக்குக் கண்ணாடி ஆகியவை நிபந்தனைகளில் இடம்பெற வேண்டும். பேழையைப் பின்னர் மாற்றிக்கொள்ளலாம். அரிப்பில் அழிந்த எழுத்தை எந்தச் செலவாலும் மீட்க இயலாது.