மணைப்பலகையில் தொடங்குங்கள்!

தச்சு வேலை பழக வேண்டும் என்ற ஆசை பலருக்கு உண்டு. உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவருக்கு உண்டு. கல்லூரி மாணவனுக்கும் உண்டு. ஆடும் முக்காலியை வைத்துக்கொண்டு ஆசாரிக்காக மாதக் கணக்கில் காத்திருக்கும் இல்லத்தரசிக்கும் உண்டு. ஆசை வந்த மறுநாளே கடைக்குப் போய், ஐம்பது சாமான்கள் அடங்கிய பெட்டி ஒன்றை வாங்கிவிடுகிறார்கள். கட்டில் செய்யப் போவதாக வீட்டில் அறிவிக்கிறார்கள். ஆறு மாதம் கழித்துப் போய்ப் பாருங்கள்: பெட்டி பரணில் இருக்கும்; கட்டில் கடையிலிருந்து வந்திருக்கும்!

கை வராததல்ல இதற்குக் காரணம். தொடங்கிய இடம் தவறு, அவ்வளவுதான்.

பின்லாந்து தேசத்தில் 1866-ம் ஆண்டிலேயே கைத்தொழிலைப் பள்ளிக்கூடத்தில் கட்டாயப் பாடமாக்கினார்கள். அதற்குப் பாடுபட்டவர் ஊனோ சிக்னேயஸ் என்ற கல்வியாளர். அவர் வழியைப் பின்பற்றி, பக்கத்து நாடான ஸ்வீடனில் ஓட்டோ சாலமன் என்பவர் நேஸ் என்ற இடத்தில் ஆசிரியர்களுக்கு மரவேலை கற்பித்தார். பல நாடுகளிலிருந்தும் ஆட்கள் அங்கே வந்து பயின்றார்கள். முதலில் கையில் ஒரு கத்தி. செய்வது ஒரு சின்னஞ்சிறு பொருள். அடுத்த பொருள் அதைவிடக் கொஞ்சம் கடினம். ஆனால் எது செய்தாலும் அது வீட்டில் உபயோகப்பட வேண்டும். இதுதான் அவருடைய முறை.

நம் வீட்டுக்கு அப்படிப்பட்ட பொருள் எது? மணைப்பலகைதான். ஒன்றரை அடி நீளம், பத்து அங்குல அகலம், ஓர் அங்குல கனத்தில் ஒரு பலகை. அடியில் குறுக்கே இரண்டு சட்டங்கள். வேறொன்றும் இல்லை.

நாலு கருவி போதும்

ஒரு கைரம்பம், ஓர் இழைப்புளி, ஒரு மூலைமட்டம், ஒரு தீட்டுக்கல். திருப்புளி எல்லார் வீட்டிலும் இருக்கும். துளை போடும் டிரில்லை அக்கம்பக்கத்தில் இரவல் வாங்கிக்கொள்ளலாம். உளியும் கொட்டாப்புளியும் அடுத்த சாமானுக்கு.

தீட்டுக்கல் எதற்கு என்று கேட்கிறீர்களா? கடையிலிருந்து வரும் இழைப்புளியின் அலகு தீட்டப்பட்டு வருவதில்லை. புதியவர்கள் அதை அப்படியே மரத்தில் தள்ளுகிறார்கள். மரம் பிய்கிறது, "இழைப்புளி சரியில்லை" என்கிறார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான். அலகின் சரிவைக் கல்லில் பதித்து, ஏறக்குறைய முப்பது பாகைச் சாய்வில், விளிம்பின் மறுபுறம் மெல்லிய பிசிறு தட்டுப்படும்வரை தேயுங்கள். பிறகு தட்டைப் பக்கத்தைக் கல்லில் படுக்க வைத்துப் பிசிறை எடுங்கள். பழைய பத்திரிகைத் தாளை ஓசையில்லாமல் அறுத்தால் பதம் வந்துவிட்டது என்று அர்த்தம். முதல் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் இதற்கே செலவானாலும் பரவாயில்லை.

மரம் மூச்சு விடும்

தேக்கு வேண்டாம், பழகும்போது பாழாவது பணம். கருவேலும் வேண்டாம்; கை ஓய்ந்துபோகும். பார்சல் பெட்டியிலிருந்து கழற்றிய பைன் பலகையோ, காய்ந்த மலைவேம்போ போதும். ஆணி இருந்தால் முதலில் பிடுங்கிவிடுங்கள். தெரிந்த ஆசாரி ஒருவரை மரக்கடைக்கு அழைத்துப் போனால் இன்னும் நல்லது. அவர் ஓரத்தை ஒற்றைக் கண்ணால் பார்த்தே வளைவைச் சொல்லிவிடுவார்.

கரும்புத் தோகையை ஒரு பக்கமாக உருவினால் வழுக்கும். எதிர்ப்பக்கம் உருவினால் கையைக் கிழிக்கும். மரத்தின் நாரும் அப்படித்தான். இழைக்கும்போது பிய்ந்தால், பலகையைத் திருப்பிப் போட்டு இழையுங்கள்.

இனிதான் முக்கியமான விஷயம். ஐப்பசி மழையில் கதவு இறுகிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். ஈரத்தைக் குடித்து மரம் உப்புகிறது. சித்திரை வெயிலில் சுருங்குகிறது. ஆனால் அகலத்தில்தான் இந்த மாற்றம். நீளத்தில் அநேகமாக இல்லை. மணையின் அடிச்சட்டமோ பலகையின் அகலத்துக்குக் குறுக்கே ஓடுகிறது. பலகை சுருங்கப் பார்க்கும், சட்டம் விடாது. இரண்டையும் பசை போட்டு முழுவதும் ஒட்டிவிட்டால், ஒரு கோடையில் பலகை பிளந்து போகலாம்.

ஆகவே பசையே வேண்டாம். சட்டத்துக்கு மூன்று திருகாணி போதும். நடுவிலுள்ளதை நன்றாக இறுக்குங்கள். ஓரங்களில் வரும் இரண்டுக்கும் சட்டத்தில் துளையைச் சற்று நீளவாட்டில் அகட்டி, வாஷர் வைத்து மிதமாக முறுக்குங்கள். பலகை அசைய இடம் கிடைக்கும். சட்டமும் ஓர் அங்குல கனமென்றால், ஒன்றரை அங்குலத் திருகாணி மேலே முளைக்காது.

விரல் ஜாக்கிரதை!

இரும்பு தேய்க்கும் கிரைண்டரில் மரம் அறுக்கும் பல்சக்கரத்தை மாட்டி வேலை செய்வது இப்போது சகஜமாகிவிட்டது. தயவு செய்து அதைத் தொடாதீர்கள். நிமிஷத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் ஓடும் சக்கரம் அது. மரத்தில் சிக்கினால் துள்ளிக் கையின் மேலேயே வரும். கைரம்பம் மெதுவாகத்தான் அறுக்கும், அறுக்கட்டுமே! மரத்தூளும் லேசுப்பட்டதல்ல. புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1995-ல் அதை வகைப்படுத்தியது. உப்புத்தாள் போடும்போது மூக்கை மூடிக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஆளிவிதை எண்ணெயைத் துணியில் நனைத்துத் தேய்த்து, ஒரு வாரம் காய விடுங்கள். அந்தத் துணியைச் சுருட்டி மூலையில் எறிந்துவிடாதீர்கள். தானாகவே சூடேறித் தீப்பற்றக்கூடும். வெளியே கொடியில் விரித்துப் போட்டு, நன்றாகக் காய்ந்த பிறகு அப்புறப்படுத்துங்கள்.