பழைய புல்லட்டின் கார்ப்பரேட்டர்: எதைத் தொடுவது, எதை விடுவது

சிக்னலில் நின்றதும் வண்டி அணைந்துவிடுகிறது என்றால், கார்ப்பரேட்டரை முழுதாகக் கழற்றித் துண்டுதுண்டாகப் பரப்புகிறவர்கள் உண்டு. அவ்வளவு வேலை தேவையில்லை. வெளியே ஒரே பாகமாகத் தெரிந்தாலும், உள்ளே பெட்ரோல் போகத் தனித்தனி வழிகள் இருக்கின்றன. ஆக்சிலரேட்டர் எவ்வளவு திறந்திருக்கும்போது வண்டி தடுமாறுகிறது என்று கவனித்தாலே, கோளாறு எந்த வழியில் என்பது பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.

திருவொற்றியூரில் உருவான பழைய வார்ப்பிரும்பு இன்ஜின் புல்லட் 350-ஐ எடுத்துக்கொள்வோம். அதன் பிந்தைய வண்டிகளில் இருப்பது மிக்கார்ப் விஎம் 24. ஜப்பானின் மிக்குனி வடிவமைப்பைக் கொண்டு யூகால் நிறுவனம் செய்தது. பிஸ்டன் கீழே இறங்கும்போது காற்று உள்ளே பாய்கிறது. குறுகலான தொண்டையில் அதன் வேகம் கூடி, அழுத்தம் குறைகிறது. அடியிலுள்ள கிண்ணத்துப் பெட்ரோல்மீது இருப்பதோ வெளிக்காற்றின் முழு அழுத்தம். அந்த வேறுபாடுதான் பெட்ரோலை ஜெட் வழியே மேலே தள்ளுகிறது. பம்பு கிடையாது, மின்சாரம் கிடையாது. 1 கிராம் பெட்ரோல் முழுதாக எரியச் சுமார் 14.7 கிராம் காற்று வேண்டும்; இந்தக் கணக்கைச் சில பித்தளைத் துளைகளே பார்த்துக்கொள்கின்றன என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

கைப்பிடியில் ஒரு டேப் ஒட்டி, கால், அரை, முக்கால் என்று கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஐட்லிங்கிலும் கால் பங்குக்குள்ளும் தகராறு என்றால் பைலட் ஜெட். நடுவில் என்றால், ஆக்சிலரேட்டரைத் திருகும்போது மேலே எழும் ஸ்லைடில் தொங்கும் ஊசி. அதன் கிளிப்பை ஒரு வரி கீழே மாற்றினால் ஊசி உயர்ந்து பெட்ரோல் கூடும். முழுதாகத் திருகும்போது மட்டும் இழுவை இல்லை என்றால் மெயின் ஜெட்.

பத்தில் எட்டு வண்டிக்குப் பைலட் ஜெட்தான் என்று மெக்கானிக்குகள் சொல்வதில் பொருள் இருக்கிறது. அதன் துளை அவ்வளவு சிறியது. நாள்கணக்கில் நின்ற வண்டியில் பெட்ரோல் ஆவியாகிப் பிசினாகப் படிந்தால் முதலில் அடைபடுவது அதுவே. இப்போது பெட்ரோலில் கலக்கும் எத்தனால் ஈரத்தை இழுக்கும். தண்ணீர் சேர்ந்தால் கிண்ணத்தின் அடியில் வெள்ளையாகப் பூக்கும். எத்தனால் எரியக் காற்றும் குறைவாகவே வேண்டும் என்பதால், பழைய ஜெட் அளவில் கலவை சற்று லீன் ஆகிவிடும், அதாவது பெட்ரோல் போதாது. சோக்கை இழுத்தால் வண்டி சீராக ஓடுகிறதா? அப்படியானால் பெட்ரோல் போதவில்லை என்று பொருள். அடைப்பு இருக்கலாம், கார்ப்பரேட்டரும் இன்ஜினும் சேருமிடத்தில் காற்றும் கசியலாம்.

இன்ஜின் ஆறியபின், காற்றோட்டமான இடத்தில், நெருப்பு அருகில் இல்லாமல் வேலையைத் தொடங்குங்கள். டேங்கிலிருந்து பெட்ரோல் வரும் காக்-ஐ மூடி, கிண்ணத்துப் பெட்ரோலைக் கண்ணாடிக் குவளையில் பிடியுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியே நிற்கும். ஜெட்டுக்குச் சரியாகப் பொருந்தும் ஸ்குரூடிரைவரே வேண்டும். பித்தளையின் வெட்டு எளிதில் சிதையும். கிளீனர் அடித்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். துளை முழு வட்டமாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் மின்கம்பியின் ஒற்றைச் செம்பு இழையை நுழைத்து எடுங்கள். ஊசியோ கேபிளின் எஃகு இழையோ கூடவே கூடாது. துளை ஒரு நூல் பெரிதானாலும் ஜெட் பாழ். அதன்பின் எவ்வளவு ட்யூன் செய்தாலும் நிற்காது.

கிண்ணம் நிரம்பி வழிந்தால் காரணம் வேறு: பெட்ரோல் வரத்தை அடைக்கும் ஃப்ளோட் நீடிலின் நுனியில் தூசு, அல்லது தேய்மானம். திரும்ப மாட்டும்போது ஸ்லைடின் காடி உள்ளே உள்ள முனையில் சரியாக உட்கார்ந்ததா பாருங்கள். தவறினால் ஆக்சிலரேட்டர் திறந்தபடியே சிக்கிக்கொள்ளும். அது உயிருக்கு ஆபத்து.

கடைசியாக ஏர் ஸ்குரூ. மெதுவாக முழுதும் உள்ளே திருகி, ஒன்றரைச் சுற்று வெளியே எடுங்கள். வண்டி நன்றாகச் சூடானபின் கால் சுற்றாகத் திருகி, ஐட்லிங் மிக உயர்ந்து சீராக நிற்கும் இடத்தில் விடுங்கள். இந்த வகைக் கார்ப்பரேட்டரில் ஸ்குரூவை வெளியே எடுத்தால் காற்று கூடும். ஸ்குரூ இன்ஜின் பக்கம் இருக்கும் பெரும்பாலான கார்ப்பரேட்டர்களில் இது தலைகீழ். சில நாள் ஓட்டியபின் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். வெளிர்பழுப்பு என்றால் சரி. கரி படிந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் குறைவு. வாரக்கணக்கில் நிறுத்தப் போகிறீர்கள் என்றால், காக்-ஐ மூடி, இன்ஜின் தானாக அணையும்வரை ஓடவிட்டு நிறுத்துங்கள்.