கம்பியில்லா இணைப்பு அறுந்தால் குறை எங்கே?

பால் மரம் வெட்டும் நண்பர்களுக்கு ஓர் உண்மை நன்கு தெரியும். நிறுக்கும் கொட்டகையில் ஒரு நாள் பாலின் எடை திடீரெனக் குறைந்தால், அனுபவமற்றவர் உடனே மரத்தின்மீது பழி சுமத்துவார். அனுபவம் மிக்கவரோ வரிசையாகப் பார்ப்பார். வெட்டு உரிய ஆழத்தில் விழுந்ததா? பால் கோட்டின் வழியே ஒழுகி மங்கை அடைந்ததா? மங்கு சாய்ந்திருந்ததா? மழைநீர் புகுந்ததா? வாளியில் ஓட்டை உண்டா? இவ்வாறு அருகிலிருந்து தொலைவு நோக்கிச் செல்பவரே குறையை விரைவில் கண்டுபிடிப்பவர்.

இன்று நம் தோட்ட வீடுகள் பலவற்றில் பிள்ளைகள் மடிக்கணினி வைத்துப் படிக்கின்றனர். 2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்து பள்ளிகள் மூடப்பட்ட நாள் முதல், இணைய இணைப்பு கல்வியின் ஒரு பகுதியாகிவிட்டது. அந்த இணைப்பு அறுந்துபோகும் வேளையில் பதற்றமடையாமல், பால் குறைந்த காரணத்தைத் தேடுவதைப் போலவே வரிசையாகத் தேடும் முறையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிரிஞ்சாங்கில் நடந்தது

கேமரன் மலையில், பிரிஞ்சாங் பட்டணத்தை அடுத்த தேயிலைத் தோட்டக் குடியிருப்பு ஒன்றுக்கு அலுவல் நிமித்தம் சென்றிருந்தேன். கொழுந்து பறிக்கும் தொழிலாளர் ஒருவர் மடிக்கணினியைப் பையில் வைத்துக்கொண்டு பட்டணத்துக்குப் புறப்பட்டுக் கொண்டிருந்தார். முந்திய மாலை மின்தடை ஏற்பட்டதாம். அதன் பிறகு கணினியில் இணையம் வரவில்லை. மகளின் பல்கலைக்கழக நுழைவு விண்ணப்பத்தை முடிக்க இரண்டே நாள்கள் இருந்தன. கடைக்காரர் ஒருவர், தொலைபேசியில் விவரம் கேட்ட மாத்திரத்தில், "உள்ளிருக்கும் வைஃபை அட்டை கெட்டிருக்கும், மாற்ற இருநூறு வெள்ளி ஆகும்" என்று கூறிவிட்டாராம்.

2025 பிப்ரவரி முதல் நடப்பிலுள்ள குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. அதனை 26 வேலை நாள்களுக்குப் பங்கிட்டால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 65 வெள்ளி. ஆக, இருநூறு வெள்ளி என்பது மூன்று நாள் உழைப்பு.

"ஐயா, பத்து நிமிடம் பொறுங்கள், முதலில் கணினியையே கேட்டுப் பார்ப்போம்" என்றேன். அவருடைய மகள் கட்டளைகளைத் தட்ட, நாங்கள் மூவரும் விடைகளைப் படித்தோம். அட்டை கெடவில்லை. குறை வேறிடத்தில் இருந்தது. அது எங்கே என்பதைக் கீழ்வரும் ஐந்து கேள்விகளே காட்டின.

கம்பியில்லா இணைப்பு என்பது யாது?

வைஃபை என்பது வானொலி அலைதான். 1971ஆம் ஆண்டில் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தார், தீவுகளுக்கிடையே கணினிச் செய்திகளை வானொலி அலை வழியே அனுப்பும் முறையைத் தொடங்கினர். இன்று வீடுகளில் பயன்படும் வைஃபைக்கு உரிய தர விதி 1997இல் வெளியாயிற்று. வீட்டிலுள்ள ரௌட்டர் பெட்டி ஒரு சிறிய வானொலி நிலையம். மடிக்கணினியின் உள்ளே மற்றொரு சிறிய நிலையம். இரண்டும் பேசிக்கொள்கின்றன. ரௌட்டரிலிருந்து வெளியுலகுக்குச் செல்லும் பாதை தனி. அது கண்ணாடி இழைக் கம்பியாகவோ கைத்தொலைபேசிக் கோபுரமாகவோ இருக்கலாம். கைத்தொலைபேசியிலிருந்து இணைப்பைப் பகிர்ந்துகொள்ளும் வீடுகளில் அத்தொலைபேசியே ரௌட்டராகும்.

எனவே "இணையம் இல்லை" என்னும் ஒரே குறைக்கு, கணினி, இடையிலுள்ள அலை, ரௌட்டர், வெளிப்பாதை என்று பல இருப்பிடங்கள் உண்டு. தேடலைத் தொடங்குமுன், அதே வைஃபையில் ஒரு கைத்தொலைபேசியை இணைத்துப் பாருங்கள். தொலைபேசியின் சொந்த இணையத்தை அப்போது அடைத்துவிட வேண்டும். அதிலும் இணையம் வராவிட்டால் மடிக்கணினியைச் சந்தேகிக்கத் தேவையில்லை.

கட்டளைத் திரை

விண்டோஸ் கணினியில், விண்டோஸ் பொத்தானை அழுத்தி, சி, எம், டி என்னும் மூன்று ஆங்கில எழுத்துகளைத் தட்டி, எண்டர் பொத்தானை அழுத்தினால் கறுப்புத் திரை ஒன்று தோன்றும். அதுவே கட்டளைத் திரை. படங்களும் பொத்தான்களும் இல்லாத இத்திரையைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அங்கே ஒரு வரியைத் தட்டி எண்டர் அழுத்தினால் கணினி எழுத்தால் விடை தரும். கட்டளைகளை ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். பள்ளியில் கணினி பயிலும் பிள்ளைகள் எளிதில் தட்டுவார்கள்.

முதற் கேள்வி: கணினியின் வானொலி விழித்திருக்கிறதா?

'நெட்' என்பதுடன் எஸ், எச் எழுத்துகளைச் சேர்த்து ஒரே சொல்லாகத் தட்டுங்கள். பின்னர் இடம் விட்டு டபிள்யூ, எல், ஏ, என். மீண்டும் இடம் விட்டு 'ஷோ'. மீண்டும் இடம் விட்டு 'இண்டர்ஃபேசஸ்'. இந்நான்கு சொற்களும் சேர்ந்தது ஒரு கட்டளை.

விடையில் 'சாஃப்ட்வேர் ஆஃப்' என்று கண்டால் வைஃபை அடைக்கப்பட்டிருக்கிறது என்பது பொருள். பெரும்பாலும் யாரோ விமானப் படம் போட்ட பொத்தானைத் தவறுதலாக அழுத்தியிருப்பர். அதை மீண்டும் அழுத்தினால் போதும். கம்பியில்லாக் கருவியே இல்லை என்று விடை வந்தால் மட்டுமே அட்டையையோ அதனை இயக்கும் மென்பொருளையோ ஐயுற வேண்டும். கடைக்குச் செல்லத்தக்க நிலை அதுவே. புதிய விண்டோஸ் 11 கணினிகளில் இக்கட்டளைக்கு இட அறியும் அனுமதி தேவை என்ற செய்தி வரலாம். அமைப்புகள் பகுதியில் அந்த அனுமதியைத் திறந்துவிட்டு மீண்டும் தட்டுக.

இரண்டாம் கேள்வி: அலை வந்து சேர்கிறதா?

அதே விடையில் 'ஸ்டேட்' என்னும் வரியில் 'கனெக்டெட்' என்றிருந்தால் கணினி ரௌட்டருடன் கைகோத்துள்ளது. 'சிக்னல்' என்னும் வரியில் ஒரு விழுக்காடு காணப்படும். கணினியை ரௌட்டர் அருகே கொண்டுசென்று மீண்டும் அதே கட்டளையைத் தட்டுங்கள். அறையில் 35 விழுக்காடாக இருந்தது அருகில் 95 ஆக உயர்ந்தால், கெட்டது எதுவுமில்லை. தூரமும் சுவருமே தடை. தகரத் தடுப்பும் இரும்பு அலமாரியும் அலையை மறிக்கும். ரௌட்டரைத் தரையில் வைக்காமல், வீட்டின் நடுவே உயரமான இடத்தில் வைப்பது நலம். இரண்டு அலைவரிசைகள் தெரிந்தால், 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டித் தொலைவு செல்லும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகம் மிக்கது, ஆனால் விரைவில் தளரும்.

மூன்றாம் கேள்வி: முகவரி கிடைத்ததா?

ஐ, பி எழுத்துகளுடன் 'கான்ஃபிக்' சேர்த்து ஒரே சொல்லாகத் தட்டுங்கள். ஒவ்வொரு கணினிக்கும் ரௌட்டர் ஓர் எண் முகவரி வழங்குகிறது. வீடுகளில் அது பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். 169.254 என்று தொடங்கினால், ரௌட்டரிடமிருந்து முகவரி கிடைக்காமல் கணினி தானே ஒன்றைக் கற்பித்துக்கொண்டது என்பது பொருள். வைஃபை அடையாளம் திரையில் தெரிந்தும் இணையம் வராததற்கு இது ஒரு காரணம்.

பிரிஞ்சாங்கில் நாங்கள் கண்டதும் இதுவே. அலை 90 விழுக்காட்டுக்கு மேல் இருந்தது. ஆனால் முகவரி 169.254. மின்தடைக்குப் பின் ரௌட்டர் சரியாக எழவில்லை. அதன் மின்கம்பியைப் பிடுங்கி, அரை நிமிடம் பொறுத்து, மீண்டும் செருகி, மூன்று நிமிடம் காத்திருந்தோம். மீண்டும் கட்டளையைத் தட்டியபோது 192.168 என்று முகவரி வந்தது. செலவு ஒரு காசும் இல்லை. ஒன்றை மறவாதீர்: ரௌட்டரின் பின்புறத்தில் ஊசித் துளைக்குள் இருக்கும் பொத்தானை அழுத்தக் கூடாது. அது நிறுவனம் அமைத்துத் தந்த விவரங்களை அழித்துவிடும்.

நான்காம் கேள்வி: வெளிப்பாதை திறந்திருக்கிறதா?

இதற்குப் 'பிங்' என்னும் கட்டளை உதவும். 1983ஆம் ஆண்டு டிசம்பரில் மைக் மூஸ் என்னும் அமெரிக்கர் இதனை எழுதினார். நீர்மூழ்கிக் கப்பலைத் தேடும் கருவி ஒலியை அனுப்பி எதிரொலியைக் கேட்பது போல, இதுவும் ஒரு சிறு செய்தியை அனுப்பி மறுமொழிக்குக் காத்திருக்கும். அக்கருவியின் ஒலியே இதற்குப் பெயராயிற்று.

முன் கட்டளையின் விடையில் 'டீஃபால்ட் கேட்வே' என்னும் வரியில் உள்ள எண் ரௌட்டருடையது. 'பிங்' என்று தட்டி, இடம் விட்டு அவ்வெண்ணைத் தட்டுங்கள். விண்டோஸ் நான்கு முறை அனுப்பும். நான்கும் திரும்பினால் வீட்டுக்குள் எல்லாம் நலம். இரண்டு மட்டும் திரும்பினால் பாதி இழப்பு, அலை நலிந்துள்ளது.

அடுத்து 'பிங்' என்று தட்டி, இடம் விட்டு 8.8.8.8 என்று தட்டுங்கள். அது கூகல் நிறுவனம் பொதுமக்களுக்குத் திறந்து வைத்துள்ள கணினியின் எண். ரௌட்டர் மறுமொழி தந்து, இவ்வெண் 'டைம்ட் அவுட்' என்று பலமுறை காட்டினால் குறை வீட்டுக்கு வெளியே இருக்கக்கூடும். கண்ணாடி இழை இணைப்புள்ள வீடுகளில், சுவரோரப் பெட்டியில் எல், ஓ, எஸ் என்று எழுதிய சிவப்பு விளக்கு மின்னினால், கம்பி வழியே ஒளி வந்து சேரவில்லை என்பது உறுதி. அதைச் சரிசெய்ய வேண்டியது சேவை நிறுவனமே. கைத்தொலைபேசி வழி இணைப்பாயின் தரவு தீர்ந்துவிட்டதா என்பதையும் பார்க்க வேண்டும். சில கணினிகள் பிங்குக்கு வேண்டுமென்றே விடை தருவதில்லை. ஆதலால் ஒரே சோதனையைக் கொண்டு தீர்ப்புக் கூறலாகாது.

ஐந்தாம் கேள்வி: பெயர் எண்ணாக மாறுகிறதா?

தோட்டத்துச் செக்ரோலில் ஒவ்வொரு பெயருக்கும் ஓர் எண் உண்டு. இணையமும் அவ்வாறே. நாம் தளத்தின் பெயரைத் தட்டுகிறோம். டிஎன்எஸ் என்னும் பதிவேடு அதனை எண்ணாக்கித் தருகிறது. 8.8.8.8 மறுமொழி தந்தும், தளத்தின் பெயரைக் கொடுத்துப் பிங் செய்தால் பெயரைக் காண இயலவில்லை என்று வருமானால், பாதை நன்று, பதிவேட்டில்தான் கோளாறு. 'ஐபிகான்ஃபிக்' என்று தட்டி, இடம் விட்டு, வலப்புறம் சாய்ந்த கோடு இட்டு, 'ஃப்ளஷ்டிஎன்எஸ்' என்று இடைவெளியின்றித் தட்டினால் கணினி தன்னிடமுள்ள பழைய பதிவுகளை அழித்துப் புதிதாகக் கேட்கும். அதனாலும் தீராவிடில் ரௌட்டரை ஒருமுறை நிறுத்தி இயக்குக.

மூடுபனி குற்றவாளியா?

மலைநாட்டில் இணைப்பு அறுந்தால் மூடுபனியைக் குறை கூறுவோர் பலர். வீட்டு வைஃபையைப் பனியும் மழையும் பாதிப்பது மிகச் சொற்பம். பிரிஞ்சாங் மலை 2,000 மீட்டருக்கு மேல் உயர்ந்தது; அதன் உச்சியில் ஒளிபரப்புக் கோபுரங்கள் நிற்கின்றன. ஆயினும் அடிவாரத்துப் பள்ளங்களில் கைத்தொலைபேசிக்கு அலை கிட்டாத இடங்கள் இருக்கக் காரணம், ஒளிபரப்பும் இணையமும் வேறு வேறு என்பதும், குன்றுகள் அலையை மறிப்பதுமேயாம். ரப்பர்த் தோட்டங்களில் ஈரம் தோய்ந்த அடர்ந்த இலைகளும் கோபுரத்து அலையை ஓரளவு உறிஞ்சும். இடிமழையால் நேரும் மின்தடை ரௌட்டரையும் கோபுரத்தையும் முடக்கக்கூடும்.

எச்சரிக்கை

மேலே கூறிய கட்டளைகளுள் பெரும்பாலானவை கணினியிடம் விவரம் கேட்பவை, எதனையும் மாற்றுபவையல்ல. ஆனால் கட்டளைத் திரை கூர்மையான உளி போன்றது. முன்பின் அறியாதவர் தொலைபேசியில் அழைத்து, "உங்கள் வைஃபையைச் சரிசெய்கிறேன், இதைத் தட்டுங்கள்" என்றாலும், ஏதேனும் ஓர் இணையப் பக்கம் ஒரு வரியை ஒட்டி எண்டர் அழுத்துமாறு பணித்தாலும் செய்யாதீர்கள். பணத்தையும் கடவுச்சொல்லையும் திருடும் வழி அது. வங்கிப் பணம் பறிபோனதாக ஐயுற்றால் உடனே 997 என்னும் எண்ணில் தேசிய மோசடி நடவடிக்கை மையத்தை அழைக்க வேண்டும்.

குறிப்பேட்டில் எழுதுங்கள்

தட்டிய கட்டளை, வந்த விடை, நாள், நேரம் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். "இணையம் வரவில்லை" என்று முறையிடுவதைவிட, "ரௌட்டர் மறுமொழி தருகிறது, வெளியே செல்லவில்லை, மூன்று நாள்களாக மாலை ஏழு மணிக்கு இப்படி நேர்கிறது" என்று முறையிடுவது வலிமை மிக்கது. சேவை நிறுவனம் செவிசாய்க்காவிடில், அதே குறிப்போடு மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையத்திடம் புகார் செய்யலாம். அருகில் நாடி எனப்படும் சமூக இணைய மையம் இருப்பின், பிள்ளைகள் அங்குச் சென்று பயிற்சி பெறலாம். வீட்டு இணைப்பு சீராகும் வரை அவசர விண்ணப்பங்களையும் அங்கே முடிக்கலாம்.

பிரிஞ்சாங் தொழிலாளரின் மகள் அன்று மாலையே விண்ணப்பத்தை அனுப்பிவிட்டாள். மடிக்கணினியைப் பையிலிருந்து எடுத்து மேசைமீது வைத்த தந்தை, "கெட்டது இதுவென்றே நினைத்துவிட்டேன், ஐயா" என்றார். நம்மில் பலரும் அவ்வாறே நினைக்கிறோம். குறை எங்குள்ளது என்று அறிவதற்கு முன் பணத்தை எடுக்காதீர்கள். அருகிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகக் கேளுங்கள். விடை கூறக் கணினி ஆயத்தமாகவே இருக்கிறது.