பத்தில் ஒன்றும் கணினியும்

பத்தில் ஒன்று என்பது மிக எளிய எண். தசமக் கணக்குக் கற்கத் தொடங்கிய மாணவன், ஒரு புள்ளியையும் அதன்பின் ஓர் ஒன்றையும் இட்டு அதனை எழுதிவிடுவான். ஆனால், ஒரு செக்கனிற் கோடிக்கணக்கான கணக்குகளைச் செய்து முடிக்கும் கணினி, தனக்கு இயல்பான துவித முறையில் அதே பத்தில் ஒன்றை முற்றச் சரியாக எழுத இயலாது. இதற்குக் காரணம் கணினியின் பழுதன்று. ஓர் எண்ணை ஒரு முறையிலிருந்து மற்றொரு முறைக்கு மாற்றுங்கால் நேரும் இடர்ப்பாடே இது.

மக்கள் நாள்தோறும் வழங்குவது தசம முறை. இதில் 0 முதல் 9 வரை பத்து இலக்கங்கள் உள. இடப்புறமாகச் செல்லச் செல்ல ஒவ்வொரு தானத்தின் மதிப்பும் பத்து மடங்காகப் பெருகும். 45 என்றால் நான்கு பத்தும் ஐந்து ஒன்றும் ஆகும். கணினியின் உள்ளே இருப்பனவோ மிக நுண்ணிய மின் ஆளிகள். ஓர் ஆளி மூடியிருக்கும், அன்றேல் திறந்திருக்கும். ஆதலின், 0, 1 என்னும் இரண்டு இலக்கங்களே அதற்குப் போதுமாயின. இதுவே துவித முறை. இதன் தானங்கள் ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு, பதினாறு என இரட்டித்துச் செல்லும்.

தசம எண்ணைத் துவிதமாக மாற்றும் வழி எளிது. எண்ணை இரண்டால் வகுத்து மிச்சத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஈவை மீண்டும் இரண்டால் வகுக்க வேண்டும். ஈவு 0 ஆகும்வரை இவ்வாறே செய்ய வேண்டும். 45ஐ இவ்வாறு வகுத்தால் முறையே 1, 0, 1, 1, 0, 1 என மிச்சங்கள் கிடைக்கும். இவற்றைக் கடைசியிலிருந்து முதல்நோக்கி எழுதினால் 101101 ஆகும். விடை சரியோ எனப் பார்க்க விரும்புவோர் 32, 8, 4, 1 என்பவற்றைக் கூட்டிப் பார்க்கலாம், 45 வரும்.

இத்தகைய நீண்ட வரிசைகள் மனிதர் கண்ணை மயக்குவன. ஓர் இலக்கம் இடம் மாறினும் எளிதிற் புலப்படாது. இதனைத் தவிர்ப்பதற்கே எண்மமும் பதினறுமமும் பயன்படுகின்றன. துவித இலக்கங்களை வலப்புறத்திலிருந்து மும்மூன்றாகப் பிரித்தால் எண்மம் பிறக்கும். நந்நான்காகப் பிரித்தால் பதினறுமம் பிறக்கும். 101101 என்பதை 101, 101 எனப் பிரிக்க, எண்மத்தில் 55 ஆகும். 10, 1101 எனப் பிரிக்க, இரண்டும் பதின்மூன்றும் ஆகும். பதினறுமத்திற் பத்து முதல் பதினைந்து வரையுள்ள மதிப்புகளுக்கு ஏ முதல் எவ் வரையான ஆறு ஆங்கில எழுத்துகள் வழங்குவதால், அது 2டீ என எழுதப்படும். உருவம் நான்காயினும் எண் ஒன்றே.

முழு எண்கள் இவ்வாறு எம்முறைக்குச் சென்றாலும் குறைவின்றி மீளும். பின்னங்களின் நிலை வேறு. தமிழரின் பழைய கீழ்வாயிலக்கத்தில் அரை, கால், அரைக்கால், வீசம் என்பன ஒன்றை இவ்விரண்டாகப் பகுத்துப் பெற்றவை. இவை துவிதத்திற் புள்ளிக்குப் பின் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு தானங்களில் முடிந்துவிடும். அதே வாய்பாட்டில் உள்ள மா என்பது இருபதில் ஒன்று. இருபதின் காரணிகளில் ஐந்தும் ஒன்றாதலின், ஒன்றை எத்தனை முறை பாதியாக்கினும் அதனைச் சரியாக அடைய இயலாது. பத்தில் ஒன்றும் அத்தகையதே.

பின்னத்தைத் துவிதமாக்க அதனை இரண்டாற் பெருக்கி, வரும் முழு எண் பகுதியை எழுதிக்கொண்டு, எஞ்சியதை மேலும் பெருக்க வேண்டும். பத்தில் ஒன்று முறையே 0.2, 0.4, 0.8, 1.6, 1.2 என வளர்ந்து, மறுபடியும் 0.4 ஆகித் திரும்பிவிடும். எனவே துவிதத்தில் அது 0.000110011 எனத் தொடங்கி, முடிவின்றிச் செல்லும். மூன்றில் ஒன்று தசமத்தில் 0.333 என நீள்வது போன்றதே இது. கணினியின் தானங்கள் ஓர் எல்லைக்கு உட்பட்டவை. ஆதலின் வாலை எங்கேனும் வெட்டியே ஆக வேண்டும்.

அவ்வாறு வெட்டியதன் விளைவை 1991ஆம் ஆண்டு வளைகுடாப் போர் காட்டிற்று. சவூதி அரேபியாவின் தஹ்ரானில் நிறுத்தப்பட்டிருந்த பேட்ரியட் என்னும் ஏவுகணைத் தடுப்புப் பொறியின் கணினி, காலத்தைப் பத்தில் ஒரு செக்கனாக எண்ணியது. அவ்வெண்ணிக்கையைச் செக்கனாக்குவதற்கு அது 24 துவித தானங்களில் வெட்டப்பட்ட பத்தில் ஒன்றாற் பெருக்கியது. ஒரு முறைக்கு நேர்ந்த குறை ஏறத்தாழ 0.000000095 செக்கனே. ஆயினும், பொறி 100 மணித்தியாலம் ஓயாது இயங்கியபோது 36 இலட்சம் குறைகள் சேர்ந்து ஏறத்தாழ 0.34 செக்கனாயின. அச்சிறு பொழுதில் ஸ்கட் ஏவுகணை அரைக் கிலோமீற்றருக்கும் மேல் சென்றுவிடும். பெப்ரவரி 25ஆந் திகதி வந்த ஸ்கட்டைக் கணினி பிழையான இடத்தில் தேடியது, தடுப்புக்கணை ஏவப்படவில்லை. படைவீரர் தங்கியிருந்த கட்டடத்தில் ஸ்கட் வீழ்ந்து, அமெரிக்கப் படையினர் 28 பேர் மாண்டனர்.

நெடுநேரம் தொடர்ந்து இயக்கினால் இலக்குத் தவறலாம் என்னும் எச்சரிக்கை அதற்கு முன்னரே அனுப்பப்பட்டிருந்தது. ஆனால், எத்தனை மணித்தியாலம் என்பது அதிற் குறிக்கப்படவில்லை. பொறியை நிறுத்தி மீண்டும் இயக்கியிருந்தால் எண்ணிக்கை 0இலிருந்து தொடங்கியிருக்கும். திருத்திய செயல்நிரல் தஹ்ரானை அடைந்தது மறுநாளே.

இப்பிழையைத் தவிர்க்க வழிகள் உள. பணக்கணக்கை எழுதுவோர் ரூபாவைப் பின்னமாக வையாது, சதங்களாக மாற்றி முழு எண்ணாகவே வைப்பர். ஒவ்வொரு தசம இலக்கத்தையும் நான்கு துவித இலக்கங்களால் தனித்தனியே குறிப்பதும் உண்டு. இரண்டும் இயலாவிடத்து, வெட்டப்படும் பகுதி எவ்வளவு, அது எத்தனை முறை சேரும் என்பவற்றை முன்கூட்டியே கணித்தல் வேண்டும். பத்து இலட்சத்தில் ஒரு பங்கினும் சிறிய குறையை ஒரு முறை நோக்கினால் அது பொருட்படுத்தத் தக்கதாகத் தோன்றாது. 36 இலட்சம் முறை சேர்ந்தபோது அது 28 உயிர்களைக் காக்கத் தவறியது.