பழைய மகிழுந்து: விற்பதா, கொடுப்பதா?

நடுவண் அரசுப் பணியில் இருப்போர் வீட்டிற்கு மாற்றல் ஆணை வந்ததும் ஒரு பட்டியல் உருவாகும். எவற்றை உடன் கொண்டுசெல்வது, எவற்றை விற்பது, எவற்றைப் பிறருக்குக் கொடுப்பது என்பதே அப்பட்டியல். கட்டிலுக்கும் மிதிவண்டிக்கும் விடை எளிதில் கிடைத்துவிடும். வாசலில் நிற்கும் பழைய மகிழுந்துக்கு விடை அவ்வளவு எளிதன்று. அது பல ஆண்டுகள் நம்மைச் சுமந்த வண்டி, பணமதிப்பு உடையது, சட்டத்தின் பார்வையில் உரிமையாளரின் பெயரோடு கட்டுண்டது. பேச்சு வழக்கில் நாம் 'கார்' என்று சொல்லும் மகிழுந்தை விற்பதா, கொடையாகக் கொடுப்பதா என்று முடிவு செய்யும் முறையை இப்பாடத்தில் காண்போம்.

1. கொடையும் கொடைமடமும்

வாகனத்தைக் கொடையாகக் கொடுத்தவர் என்றதும் தமிழர் நினைவுக்கு வருபவன் பறம்புமலைத் தலைவன் பாரி. பற்றிப் படரக் கொழுகொம்பு இல்லாத முல்லைக்கொடிக்குத் தன் தேரை அவன் அளித்தான். பேகன் என்னும் வள்ளல், மயில் குளிரால் நடுங்குவதாக எண்ணி அதற்குப் போர்வை அளித்தான். இவ்வாறு பயனை ஆராயாமல் அருள் மிகுதியால் கொடுப்பதைப் பழந்தமிழர் 'கொடைமடம்' என்றனர். புலவர்கள் அதனைப் பழியாகக் கூறவில்லை. வள்ளலின் பெருமையாகவே பாடினர்.

ஆனால் இன்று ஒரு வண்டியைக் கொடுப்பவர் பயனை ஆராய்ந்தே கொடுத்தல் வேண்டும். ஏனெனில் வண்டியைப் பெறுபவர் அதனோடு எரிபொருட் செலவு, பழுதுபார்க்கும் செலவு, காப்பீட்டுக் கட்டணம், ஓட்டுநர் ஊதியம் ஆகியவற்றையும் சேர்த்தே பெறுகிறார். நமக்குச் சுமையாகிவிட்ட ஒன்றை மற்றொருவர் தலையில் ஏற்றிவிட்டு அதற்குக் கொடை என்று பெயரிடுதல் முறையாகாது.

2. முதலில் அறிய வேண்டியவை

முடிவு எடுக்கும் முன் வண்டியைப் பற்றி நான்கு செய்திகளை அறிதல் வேண்டும்.

முதலாவது, வயது. சொந்தப் பயன்பாட்டுக்குரிய மகிழுந்தின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் வண்டியை ஆய்வுக்கு உட்படுத்தி, 5 ஆண்டுகளுக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கான கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. எனவே 14 ஆண்டு ஓடிய வண்டியைப் பெறுபவர் விரைவில் இச்செலவைச் சந்திக்க நேரும்.

இரண்டாவது, ஊர். தலைநகர் தில்லிப் பகுதியில் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளும் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளும் ஓடக் கூடாது என்று 2018இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. பின்னர் அது மீண்டும் நீதிமன்றத்தின் ஆய்வுக்கு வந்து, சில தளர்வுகளும் தரப்பட்டன. ஓர் ஊரில் ஓட்டத்தக்க வண்டி மற்றோர் ஊரில் ஓட்டத்தகாததாக இருக்கலாம் என்பதை இதனால் அறிகிறோம். விற்பவரும் கொடுப்பவரும் அவ்வூரின் அந்நாளைய விதியைக் கேட்டறிதல் வேண்டும்.

மூன்றாவது, கடன். வங்கிக் கடனில் வாங்கிய வண்டியாயின் கடனை முழுமையாக அடைத்து, பதிவுச் சான்றிதழில் உள்ள வங்கியின் பெயரை நீக்கிய பின்னர் அதனைப் பிறருக்கு மாற்றுவதே நன்று.

நான்காவது, உடல்நிலை. பிரேக், டயர், எஞ்சின், அடிப்பகுதியில் துரு ஆகியவற்றை நம்பத்தகுந்த மெக்கானிக் ஒருவரிடம் காட்டி, சீர்செய்ய ஆகும் தொகையை எழுதி வாங்குதல் நன்று.

3. மூன்று வழிகள்

விற்றல் முதல் வழி. பழைய வண்டிகளை வாங்கி விற்கும் முகவரிடம் விற்றால் பணம் விரைவில் கைக்கு வரும். ஆனால் தம் இலாபத்தைக் கழித்துக்கொண்டே அவர் விலை சொல்வார். பயன்படுத்தப்போகும் ஒருவருக்கு நேரடியாக விற்றால் விலை சற்றுக் கூடும். காலமும் அலைச்சலும் கூடும். குறைந்தது மூன்று இடங்களில் விலை கேட்ட பின்னரே முடிவு செய்தல் வேண்டும்.

கொடுத்தல் இரண்டாம் வழி. முதியோர் இல்லம், சிற்றூர் மருத்துவமனை, உறவினர், வீட்டில் நெடுங்காலம் பணிசெய்தவர் எனப் பெறுவோர் பலராக இருக்கலாம். "உங்களுக்கு வண்டி வேண்டுமா?" என்று மட்டும் கேட்டால், கொடுப்பவர் முகம் வாடுமே என்று பலர் மறுக்கத் தயங்குவர். "இதனை ஓட்ட ஆள் உண்டா? நிறுத்த இடம் உண்டா? மாதச் செலவை ஏற்க இயலுமா?" என்று கேட்பதே சரியான வினா. சொந்தப் பயன்பாட்டுக்குப் பதிவான வெள்ளைப் பலகை வண்டியை வாடகைக்கு ஓட்டக் கூடாது என்பதையும் பெறுபவருக்குச் சொல்லிவிட வேண்டும்.

சாலையில் ஓடத் தகுதியற்ற வண்டிக்கும் கொடையில் இடம் உண்டு. தொழிற்பயிற்சி நிலையங்களில் வண்டி பழுதுபார்க்கும் தொழிலைக் கற்கும் மாணவர்களுக்கு, பிரித்துப் பார்க்கவும் மீண்டும் பூட்டிப் பார்க்கவும் உண்மையான எஞ்சின் தேவை. அங்கே வண்டி ஓட வேண்டியதில்லை, கற்பித்தால் போதும். அத்தகைய வண்டியின் பதிவை நீக்கும் முறையை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டு முடித்துக்கொள்ள வேண்டும்.

உடைத்தல் மூன்றாம் வழி. முன்பு இத்தகைய வண்டிகள் காயலான் கடைக்குச் சென்றன. இப்போது அரசின் பதிவு பெற்ற வாகன உடைப்பு நிலையங்கள் உள்ளன. இவற்றுக்கான விதிகள் 2021இல் வெளியாயின. அங்கே எண்ணெயும் மின்கலமும் மண்ணையும் நீரையும் கெடுக்காதவாறு முதலில் பிரித்தெடுக்கப்படும். பின்னர் இரும்பும் பிற உலோகங்களும் மறுபயன்பாட்டுக்குச் செல்லும். வண்டியை ஒப்படைத்தவருக்கு ஒப்படைப்புச் சான்று வழங்கப்படும். அச்சான்றைக் காட்டிப் புதிய வண்டி வாங்கினால் பதிவுக் கட்டணம் இல்லை. சொந்தப் பயன்பாட்டு வண்டியாயின் மாநிலங்கள் சாலை வரியில் 25 விழுக்காடு வரை சலுகை தரலாம்.

4. பெயர் மாற்றம் கட்டாயம்

விற்றாலும் கொடுத்தாலும் பதிவுச் சான்றிதழில் பெயர் மாற வேண்டும். இதனைப் பலர் பொருட்படுத்துவதில்லை. "நம் அண்ணன்தானே வாங்குகிறார், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டுவிடுவர். அதன் விளைவு கடுமையானது. பலமுறை கைமாறியும் பெயர் மாற்றப்படாத ஒரு மகிழுந்து விபத்தை ஏற்படுத்திய வழக்கில், பதிவேட்டில் எவர் பெயர் உள்ளதோ அவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பாவார் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது. வண்டியை விற்றுப் பணம் பெற்ற பின்னும் பொறுப்பு அவரை விட்டு நீங்கவில்லை.

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, அதே மாநிலத்தில் பதிவான வண்டியாயின் கைமாறிய 14 நாள்களுக்குள் கொடுப்பவர் பதிவு அலுவலருக்குத் தெரிவிக்க வேண்டும். பெறுபவர் 30 நாள்களுக்குள் தெரிவிக்க வேண்டும். இவற்றுக்கெனப் படிவம் 29, படிவம் 30 ஆகியவை உள்ளன. வண்டி வேறு மாநிலத்திற்குச் செல்லுமாயின் படிவம் 28இல் விண்ணப்பித்துத் தடையின்மைச் சான்று பெற வேண்டும். மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் நம் போன்ற குடும்பங்களுக்கு இச்சான்று மிக முதன்மையானது. சான்று பெறாமல் புறப்பட்டுவிட்டால், அதற்காகவே பழைய ஊருக்கு மீண்டும் பயணம் செய்ய நேரலாம்.

மேலும் இரண்டு செய்திகள் உள. கண்ணாடியில் ஒட்டியுள்ள ஃபாஸ்டேக் கணக்கை முடித்துவிட வேண்டும். இல்லையெனில் பிறர் செல்லும் சாலைக்கு நம் பணத்திலிருந்து சுங்கம் கழியும். காப்பீட்டில் இழப்பீடு கேட்காமல் கழிந்த ஆண்டுகளுக்காகக் கிடைக்கும் தள்ளுபடி, வண்டிக்கு உரியதன்று, உரிமையாளருக்கு உரியது. அதற்கான சான்றை வாங்கி வைத்தால் அடுத்த வண்டிக்கு அது பயன்படும்.

5. ஒரு கணக்கு

நாகபுரியில் வாழும் ஒரு குடும்பம் குவாகாத்திக்கு மாற்றலாகிச் செல்வதாகக் கொள்வோம். அவர்களின் பெட்ரோல் மகிழுந்துக்கு வயது 13. அதனை 85,000 ரூபாய்க்கு வாங்க ஒருவர் முன்வருகிறார். அருகில் உள்ள முதியோர் இல்லத்திற்கு அதனைக் கொடுத்துவிடலாம் என்பது பாட்டியின் விருப்பம். முதியவர்களை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல அது உதவும் என்கிறார்.

விசாரித்தபோது இல்லத்தில் ஓட்டுநர் இல்லை எனத் தெரிகிறது. டயருக்கும் பிரேக்குக்கும் 30,000 ரூபாய் ஆகும். இரண்டு ஆண்டுகளில் பதிவையும் புதுப்பிக்க வேண்டும். எனவே வண்டியைக் கொடுத்தால் இல்லம் செலவில் இறங்கும். மாறாக, வண்டியை விற்று அதில் 40,000 ரூபாயை இல்லத்திற்கு அளித்தால், ஒரு முறை மருத்துவமனைக்குச் சென்றுவர வாடகை வண்டிக்கு 800 ரூபாய் எனக் கொண்டால், 50 பயணங்களுக்கு அத்தொகை போதும். பாட்டியின் நோக்கம் நிறைவேறுகிறது. மாறியது வழி மட்டுமே.

பணமாகக் கொடுப்பதில் மற்றொரு நன்மையும் உண்டு. உரிய பதிவு பெற்ற அறநிலையத்திற்கு வங்கி வழியாகத் தரும் நன்கொடைக்கு, பழைய வரி முறையில் இருப்போர் வருமான வரிச் சலுகை பெறலாம். பொருளாகத் தரும் கொடைக்கு அச்சலுகை இல்லை.

இதே கணக்கைச் சற்று மாற்றிப் பார்ப்போம். வண்டிக்கு வயது 6. இல்லத்தில் ஓட்டுநர் இருக்கிறார். அவர் ஓட்டிவந்த வண்டி பழுதாகி நிற்கிறது. அப்போது வண்டியைக் கொடுப்பதே சிறந்த உதவியாகும். கொழுகொம்பு தேடும் கொடிக்குத் தேர் கிடைத்ததைப் போல, தேவையும் பொருளும் அங்கே பொருந்துகின்றன.

ஆகவே விற்பது தன்னலம் என்றும் கொடுப்பது மட்டுமே அறம் என்றும் கொள்ளலாகாது. பெறுபவரின் தேவையைக் கேட்டறிந்து, செலவைக் கணக்கிட்டு, பெயர் மாற்றத்தை முடித்துக் கொடுப்பதே முழுமையான கொடை.

அருஞ்சொற்பொருள்

கொடைமடம் – பயனை ஆராயாது கொடுத்தல்
கொழுகொம்பு – கொடி பற்றிப் படரும் கொம்பு
தடையின்மைச் சான்று – வண்டியை வேறிடத்திற்கு மாற்றத் தடை இல்லை என்னும் சான்று
விழுக்காடு – நூற்றில் ஒரு பங்கு

பயிற்சி

1. பாரியின் கொடையையும் பேகனின் கொடையையும் பெறுவோரின் பயன் நோக்கி ஒப்பிடுக.
2. பெயர் மாற்றம் செய்யாமல் வண்டியை விற்றால் நேரும் இடர் யாது?
3. தடையின்மைச் சான்று எப்போது தேவைப்படும்?
4. உங்கள் வீட்டில் பயன்படாமல் இருக்கும் பொருள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க. அதனை விற்பதா, கொடுப்பதா என்று வீட்டுப் பெரியோருடன் கலந்து பேசி, உங்கள் முடிவைக் காரணத்துடன் பத்து வரிகளில் எழுதுக.